ஒலிபெருக்கியில் வாசிக்கப்படும் பெயர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் எங்கள் கடற்கரை ஊர்களின் தேர்பவனிச் செய்தி வரும்போதெல்லாம், கடைசிப் பத்தியில் உபயதாரர்களின் பெயர்கள் வரிசையாக இடம்பெறுவதைப் பார்க்கிறேன். கடலை நம்பிய கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அது குறித்து எழுத விரும்புகிறேன். செய்தியாளர் மீது எனக்குக் குறை இல்லை. அந்தப் பெயர்களை எழுதி அவர் கையில் கொடுப்பவர்கள் நாங்கள்தான்.

எங்கள் பங்கில், அதாவது எங்கள் ஆலயத்தைச் சேர்ந்த ஊரில், திருநாளுக்கு முந்தைய ஒன்பது நாள் வழிபாடான நவநாள் தொடங்கிவிட்டால், ஒவ்வொரு மாலையும் திருப்பலி முடிந்ததும் அன்றைய உபயம் இன்னாருடையது, தொகை இவ்வளவு என்று ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். குழாய் கடலைப் பார்த்துக் கட்டப்பட்டிருப்பதால், கரையில் வலை பொத்திக்கொண்டிருப்பவரின் காதிலும் அது விழும். இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவன் நான். பங்குப் பேரவையில் இருந்தபோது, கணக்கு ஊருக்குத் தெரிய வேண்டும் என்று காரணம் சொல்லி முன்மொழிந்தேன். காரணம் நியாயமானதுதான். ஆனால் முதல் ஆண்டு என் பெயர் வாசிக்கப்பட்டபோது, பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர் என்னைத் திரும்பிப் பார்க்கிறாரா என்றுதான் என் கண் போயிற்றே தவிர, பீடத்தின் பக்கம் போகவில்லை.

எங்கள் ஆலயத்தின் பாதுகாவலரான புனித அந்தோனியாரின் திருநாள் ஜூன் 13. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலமோ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். ஆகவே எங்கள் கொடியேற்றமும் நவநாளும் வந்து விழுவது, படகுகள் வேலையின்றிக் கட்டிக் கிடந்து, அரசின் நிவாரணத் தொகையும் அரிசிக்கும் பள்ளிக்கூடச் செலவுக்கும் தீர்ந்துபோன நாட்களில்தான். அந்த நேரத்தில், நம் குடும்பத்தின் பெயர் வாசிக்கப்படாமல் போனால் ஊர் என்ன நினைக்குமோ என்ற அச்சத்தில் தோடு அடகுக்குப் போகிறது. படகு உரிமையாளரிடம் முன்பணம் வாங்கப்படுகிறது. தடை முடிந்து முதல் நாள் படப்போகும் இறாலின் காசு, இறால் வலையில் ஏறும் முன்பே செலவாகிவிடுகிறது. அந்தோனியார் இதைக் கேட்டாரா என்று எவரும் கேட்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நான் ரசீதுப் புத்தகம் வைத்திருந்த ஒரு மாலையில், பாசிக்குப் போகும் அம்மாள் ஒருவர் கடலிலிருந்து நேராக என்னிடம் வந்தார். பாறையில் மரிக்கொழுந்துப் பாசியைப் பறிக்கும்போது விரல் கிழியாமல் இருக்கச் சுற்றிய துணிகளைக்கூட அவர் அவிழ்த்திருக்கவில்லை. இடுப்பு முடிச்சிலிருந்து நனைந்த இரண்டு நூறு ரூபாய்த் தாள்களை எடுத்துப் பிரித்து, பெயர் வாசிக்க வேண்டாம் என்றார். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்ற ஆண்டவரின் சொல்லை இவரல்லவா கைக்கொள்கிறார் என்று நான் வியந்து பாராட்டத் தொடங்கினேன். அவர் இடைமறித்து, “அதெல்லாம் இல்ல சார், ஐயாயிரம், பத்தாயிரம்னு வாசிக்கிற எடத்துல இருநூறுன்னு வாசிச்சா எம் மகளுக்குச் சங்கடமா இருக்கும்” என்றார். அவர் மறைவாகக் கொடுக்க வந்தது தாழ்ச்சியால் அல்ல, வெட்கத்தால். அந்த வெட்கத்தை அவருக்குக் கொடுத்தது நான் முன்மொழிந்த ஒலிபெருக்கி.

மத்தேயு நற்செய்தியின் 6-ஆம் அதிகாரத்தில், தர்மம் செய்யும்போது உனக்கு முன்பாகத் தாரை ஊதுவிக்காதே என்று இயேசு சொல்கிறார். அப்படி ஊதுவிக்கிறவர்கள் தங்கள் கைம்மாற்றை ஏற்கெனவே பெற்றுக்கொண்டார்கள் என்கிறார்; அதாவது கணக்கு அங்கேயே முடிந்தது, கடவுளிடம் பாக்கி எதுவும் இல்லை. இதை நான் சொன்னால், உங்கள் ஒளி மனிதர் முன் ஒளிரட்டும் என்றும் அவர்தானே சொன்னார் என்று 5-ஆம் அதிகாரத்தைத் திருப்பிக் காட்டும் நண்பர்கள் உண்டு. சொன்னார், ஆனால் பார்க்கிறவர்கள் விண்ணகத் தந்தையைப் புகழ வேண்டும் என்பதற்காகச் சொன்னார். எங்கள் அறிவிப்பைக் கேட்டு, பத்தாயிரம் கொடுத்தவரைப் புகழ்ந்தவர்களை அறிவேன்; தந்தையைப் புகழ்ந்தவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

இந்த மாவட்டத்துக் கிறிஸ்தவர்களுக்கு இதை வெளியூர்க்காரர் வந்து சொல்லத் தேவையில்லை. திருவாடானைப் பக்கத்து ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்ட மறைப்பணியாளர் புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ), போர்ச்சுகலின் லிஸ்பன் நகரத்துப் பிரபுக் குடும்பத்தில் 1647-இல் பிறந்து, சிறுவயதில் இளவரசர் பேதுருவின் தோழனாக அரண்மனையில் வளர்ந்தவர். 1686-இல் சேதுபதி அரசர் ஆண்ட மறவர் நாட்டில், அதாவது இந்தப் பகுதியில், பிடிபட்டுச் சித்திரவதைக்கு உள்ளாகி விடுவிக்கப்பட்டபின் அவர் போர்ச்சுகல் சென்றபோது, அதற்குள் அரசராகிவிட்ட அதே தோழர் அவரை அங்கேயே இருத்திக்கொள்ள விரும்பினார். அரசனின் பாராட்டைவிட உயர்ந்த உலகப் பாராட்டு எது? அதை விட்டுவிட்டு 1690-இல் மீண்டும் இந்தியா வந்தார்.

ஆயினும் புனிதரைக் காட்டிலும், அவரால் மனம் மாறிய மறவர் தலைவர் தடியத்தேவரே எங்களைப் போன்றவர்களுக்கு நெருக்கமானவர் என்பது என் எண்ணம். புனிதருக்கு இங்கே உறவுமுறை இல்லை, சம்பந்தி வீடு இல்லை. தடியத்தேவருக்கு எல்லாம் இருந்தது. 1693 ஜனவரியில் திருமுழுக்குப் பெறுவதற்காக ஒரு மனைவியைத் தவிர மற்றவர்களை அவர் விலக்கியபோது, அவர்களில் ஒருவர் சேதுபதியின் உறவுக்காரப் பெண்ணாக இருந்ததால் அரசனின் சினமும் உறவினரின் பகையும் வரும் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. (விலக்கப்பட்ட பெண்களின் கதி என்னவாயிற்று என்று நினைக்கும்போது எனக்கு மனம் நெருடும். அது தனியாகப் பேச வேண்டியது.) ஊர் வாய்க்குப் பயப்படும் நாங்கள், ஆண்டுதோறும் ஓரியூருக்கு நடந்தே போகிறோம், சென்ற முறை எங்கள் குழுவினர் அணிந்த பனியனின் முதுகில் உபயதாரர் பெயர் அச்சாகியிருந்தது.

அண்மையில் நடந்த ஊர்க்கூட்டத்தில், பெயர்களை வாசிப்பதை நிறுத்திவிட்டு, உறையிலோ உண்டியலிலோ காணிக்கை வாங்கி, மொத்த வரவையும் செலவையும் மட்டும் கோயில் பலகையில் ஒட்டலாம் என்று நானே எழுந்து சொன்னேன். பெயர் இல்லையென்றால் பணம் வராது, மின்விளக்குத் தேருக்கு வாடகை கொடுக்க முடியாது என்றார்கள். அவர்கள் சொல்வது சரிதான், பாதிகூட வராது. முன்பு எட்டுப் பேர் தோளில் சுமந்த பழைய சப்பரம் பொருளறையில் சாக்குப் போர்த்திக் கிடக்கிறது. கூட்டம் முடிந்து போய்ப் பார்த்தேன். ஒரு கால் மட்டும் கரையான் அரித்திருக்கிறது. தச்சருக்கு ஒரு நாள் வேலை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்,
இராமநாதபுரம் மாவட்டம்.