ரசம் போன கண்ணாடி

குன்னூர்
ஐப்பசி, மழை நாள்

அன்பு அம்மிணிக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றால், பாதியில் உன் குக்கர் விசிலடிக்கும், "அப்புறம் பேசறேம்ப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் காகிதம்.

காரைக்குடிப் பழைய சாமான் கடையில் பார்த்த கண்ணாடி என்று நீ அனுப்பிய ஏழு படங்களையும் நானும் அம்மாவும் மாறி மாறிப் பார்த்தோம். ஏழும் முகப்புதான். ஒன்றில் நீயே நின்று சிரிக்கிறாய், இன்னொன்றில் மாப்பிள்ளையின் முழங்கை தெரிகிறது. பின்பக்கம் ஒரு படம்கூட இல்லை. நாற்பது வருஷம் பங்களா பங்களாவாகப் போய்ச் சாமான் பழுது பார்த்த ஆசாரிக்கு முகத்தை மட்டும் காட்டி, "வாங்கலாமாப்பா?" என்று கேட்டால் என்ன சொல்வது?

"ரசம் போயிருக்குப்பா, அதான் யோசனை. வாங்கிட்டுப் புது ரசம் பூசிக்கலாமா?" என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற பூச்சை நாம் ரசம் என்கிறோமே, அது பாதரசம்தான். அந்தக் காலத்தில் தகரத்தை மெல்லிய தகடாக அடித்து, மேசையில் சுருக்கமில்லாமல் விரித்து, அதன்மேல் பாதரசத்தை ஊற்றி, மேலே கண்ணாடியை நகர்த்தி வைத்து, பாரம் ஏற்றி, மிச்ச ரசம் வடிய வாரக்கணக்கில் விட்டுவிடுவார்கள். அந்த வேலை பார்த்தவர்களுக்குக் கை நடுங்கும், பல் கொட்டும். 1835இல் ஜெர்மனியில் லீபிக் என்ற வேதியியல்காரர் கண்ணாடியில் வெள்ளியைப் படிய வைக்கும் வழியைக் கண்டுபிடித்தார். அது பரவி, 1900 வாக்கில் பாதரச வேலை அநேகமாக நின்றுபோயிற்று. பூச்சு வெள்ளியாகி, பிறகு அலுமினியமும் வந்துவிட்டது. நம் வாயில் மட்டும் இன்னும் ரசம்தான்.

உன் கண்ணாடி எந்த ரகம் என்று பார்க்க ஒரு வெள்ளைத் தாளை அதன் எதிரே பிடி. கண்ணாடிக்குள் தெரிகிற நிழலில் தாள் லேசாக மஞ்சளித்தால் வெள்ளிப் பூச்சாக இருக்கலாம். நீலம் கலந்த சாம்பலாகத் தெரிந்து, பழுதான இடத்தில் உப்புத்தூள் மாதிரிப் பொடிப்பொடியாக மின்னினால் பாதரசமாக இருக்கலாம். அப்படியிருந்தால் சட்டத்தின் அடிப்பக்கத்தை டார்ச் அடித்துப் பார். சின்னச் சின்ன வெள்ளி மணிகள் உருண்டு கிடந்தால் அம்மிணி, அதைத் தொடாதே, கூட்டிப் பெருக்காதே, வாங்கவும் வாங்காதே. தவழ்கிற பிள்ளை இருக்கிற வீடு. என் பேரன் கையில் கிடைத்ததை வாயில் போடுகிற வயசு.

வெள்ளிப் பூச்சு என்றால் கதை வேறு. அதில் கரும்புள்ளி விழுவது ஈரத்தால். பின்னால் இருக்கிற பெயிண்ட் விரிசல் விட்ட இடத்தில் ஈரம் உள்ளே போய், வெள்ளியைக் கறுப்பாக்கும். ஓரத்தில்தான் ஆரம்பிக்கும், அதிலும் கீழ் ஓரத்தில். துடைக்கிற தண்ணீர் எல்லாம் வழிந்து அங்கேதானே போய் நிற்கிறது! நம் வீட்டு அலமாரிக் கண்ணாடி ஞாபகம் இருக்கிறதா? இடது கீழ் மூலையில் ஒரு புள்ளி, நீ பள்ளிக்கூடம் போன நாளில் கடுகு அளவு இருந்தது. இங்கே ஐப்பசி, கார்த்திகையில் மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்துவிடும், உனக்குத் தெரியாததா! ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் பரவி, இப்போது அந்தப் புள்ளி பலாக்கொட்டை அளவு. அதற்குமேல் நீயும் அம்மாவும் ஒட்டி ஒட்டி எடுத்த ஸ்டிக்கர் பொட்டுக் கறைகள். இருந்தும் சித்திரைக்கனிக்கு அம்மா அந்தக் கண்ணாடியைத்தான் கழற்றி வந்து பழத்தட்டுக்குப் பின்னால் சாய்த்து வைக்கிறாள். கீறல் விழுந்தது வீட்டுக்கு ஆகாது என்பாள், ரசம் போனதை ஒன்றும் சொல்ல மாட்டாள். நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததில் கீறல் இல்லை. அந்த மட்டில் அம்மாவின் சம்மதம் கிடைத்தாயிற்று.

புது ரசம் பூசுவது பற்றிக் கேட்டாயே. 1986 மழைக்காலம், அப்பர் குன்னூரில் ஒரு பங்களா. கணப்புக்கு மேலே ஆளுயரக் கண்ணாடி, ஈட்டி மரச் சட்டம், ஓரமெல்லாம் புகை படிந்த மாதிரிக் கறுத்திருந்தது. வீட்டம்மா பழுது பார்க்கச் சொன்னது சட்டத்தை மட்டும்தான். நான்தான் கெட்டிக்காரத்தனமாக, "கண்ணாடியையும் புதுசாக்கித் தர்றேங்கம்மா" என்றேன். வைக்கோல் சுற்றி லாரியில் கோயம்புத்தூருக்கு அனுப்பினேன். பழைய பூச்சைத் திராவகம் போட்டு வழித்து எடுத்துப் புதுசு பூசிக் கொடுத்தார்கள். பளீரென்று வந்தது. மாட்டிவிட்டுப் பெருமையாக நின்றேன். அந்தம்மா எதிரே வந்து கொஞ்ச நேரம் பார்த்தார். "இது எங்க வீட்டுக் கண்ணாடி மாதிரி இல்லையே, ஆசாரி" என்றார், அவ்வளவுதான். கூலியை எண்ணிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து எனக்கு ஆள் வரவில்லை. வழித்த பூச்சை நான் எங்கே போய்த் தேட?

ஆகவே புள்ளியோடு பிடித்திருந்தால் வாங்கு, பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடு. வாங்கிச் சரி பண்ணிக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதே. முகம் பார்க்க, பவுடர் பூச, தெருமுனைக் கடையில் புதுக் கண்ணாடி வெட்டிக் கொடுப்பார்கள். இது கூடத்தில் இருந்துகொண்டு வெளிச்சத்தைத் திருப்பித் தந்தால் போதும்.

கடைக்காரர் "ஒரிஜினல் பெல்ஜியம்" என்றாராமே. செட்டிநாட்டு வீடுகளுக்குப் பெல்ஜியம் கண்ணாடி வந்தது நிஜம். ஆனால் இன்று பழைய சாமான் கடையில் பெல்ஜியம் என்று சொல்லாத கண்ணாடியைக் காட்டு பார்ப்போம்! அந்தப் பேருக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதே. நீ பாட்டுக்குப் பக்கவாட்டில் நின்று தலையை மெல்ல ஆட்டிப் பார். எதிர் ஜன்னலின் கம்பி நிழலில் லேசாக நெளிந்தால் பழைய கண்ணாடியாக இருக்க வாய்ப்பு உண்டு. இங்கிலாந்தில் பில்கிங்டன் கம்பெனி உருகிய தகரத்தின் மேல் கண்ணாடியை மிதக்கவிட்டுச் செய்யும் முறையை 1959இல் அறிவித்தது. இப்போது கடையில் விற்பது அநேகமாக அந்த முறையில் வருவதுதான், அதில் நெளிவு இருக்காது. ஆனால் அந்தக் காலத்திலும் நன்றாகத் தேய்த்து மெருகேற்றிய கண்ணாடி நெளியாது. இதை மட்டும் வைத்து முடிவு கட்டாதே. ஓரச்சரிவை, அதுதான் பெவல் என்பார்களே, விரலால் தடவு. கையால் தேய்த்தது சரிவு குறைவாக, எங்கே தொடங்குகிறது என்று விரலுக்கே சட்டென்று தெரியாமல் இருக்கும். மிஷின் பெவல் விரலை வெட்டுகிற மாதிரி நிற்கும்.

மரத்தில் என்னை ஏமாற்ற முடியாது, உன்னை ஏமாற்றலாம். அதனால்தான் பின்பக்கம் கேட்கிறேன். பின்பலகை பிளைவுட் என்றால், அது மட்டுமாவது புதுசு. பழைய பலகையில் கை இழைப்புளி ஓடிய தடம் இருக்கும், சாய்வாக வெளிச்சம் அடித்தால் அலை அலையாகத் தெரியும். திருகாணியின் தலையைப் பார். கூட்டல் குறி வெட்டியிருந்தால் அது 1930களிலோ அதற்குப் பிறகோ வந்தது. "நூற்றைம்பது வருஷம் பழசு, யாரும் கை வைக்கலை" என்று அவர் சொன்னால் அந்தத் திருகாணியைக் காட்டிச் சிரி, விலை தானாக இறங்கும். சட்டத்தில் ஊசித் துளைகள் இருந்தால் தட்டிப் பார். பழைய துளையின் வாய் கறுத்திருக்கும், பயமில்லை. வெளுப்பாக மாவு கொட்டினால் பூச்சி உள்ளே உயிரோடு இருக்கிறது, உன் வீட்டுக் கதவு நிலை வரைக்கும் போகும்.

தங்க நிறம் அடித்த சட்டம் எனக்குப் பிடிக்காது. அது என் குணம், நீ அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

அளவை மறந்துவிட்டாய். நாலடிக்கு மூன்றடி என்று வை, ஐந்து மில்லி கனம் என்றால் கண்ணாடி மட்டுமே 14 கிலோ வரும், சட்டம் தனி. உங்கள் அடுக்குமாடிச் சுவர் இலேசான கல்லாக இருந்தால் சாதாரண ஆணி தாங்காது, அதற்கென்று இருக்கிற பிளக் போட்டு இரண்டு கொக்கியில் மாட்டச் சொல். பழைய கயிறை நம்பாதே. வெளிச்சுவரில் வேண்டாம், உங்கள் ஊர் உப்புக்காற்று எங்கள் மேகத்தைவிட மோசம். பின்னால் நாலு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டினால் காற்று போகும். துடைக்க ஸ்பிரே அடிக்காதே, காய்ந்த பருத்தித் துணி போதும்.

வாங்குவதற்கு முன்னால், அதே அளவுக்கு நியூஸ்பேப்பர் வெட்டிச் சுவரில் இரண்டு நாள் ஒட்டி வை. எதிரே என்ன இருக்கிறது என்று பார். ஜன்னலும் வேப்பமரமும் என்றால் நல்லது. பாத்திரம் கவிழ்த்து வைக்கிற திண்ணை என்றால், ஒரு திண்ணை இரண்டாகத் தெரியும், அத்தை வந்தால் இரண்டையும் பார்ப்பார்.

ஏற்றி வரும்போது படுக்க வைக்க விடாதே, நிறுத்தித்தான் கொண்டுவர வேண்டும். மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவிலும் ஒரு கண்ணாடியை மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நான் ஏறி வந்திருக்கிறேன். உங்களுக்குச் சமதளம்தானே.

சனிக்கிழமை மறுபடி போவதாகச் சொன்னாய். மாப்பிள்ளையை டார்ச் எடுத்துவரச் சொல். கடைக்காரர் முகம் சுளித்தாலும் கழற்றித் திருப்பி வைக்கச் சொல்லி, பின்பக்கம் நாலு படம் எடு: கீழ்ச் சட்டம், இரண்டு மூலை, நடுப் பலகை. அனுப்பிவிட்டு அங்கேயே பக்கத்தில் ஒரு டீ குடியுங்கள். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு போனும் கையுமாக வாசலில்தான் உட்கார்ந்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: வர்க்கி இரண்டு பாக்கெட் பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறோம். பேரனுக்கு ஊறவைத்துக் கொடு.