முதல் புரூப் பார்த்தேன்

கும்பகோணம்,
வைகாசி மாதம்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். வேலை முடிந்து வந்து நள்ளிரவு தாண்டியும் கணினிப் பாடம் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று அம்மாவுக்கு ஒரே கவலை. அப்படி என்னதான் படிக்கிறாள் என்று என்னைக் கேட்டாள். வெப்சைட்டுக்கு அலங்காரம் செய்யப் படிக்கிறாள் என்றேன். அதற்குப் போய்த் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வார்களா என்கிறாள். இந்தக் கடிதம் அவள் போட்ட கூழ்வடகத்தோடு பார்சலில் வருகிறது. வடகத்தை முதலில் டப்பாவில் எடுத்து வைத்துவிட்டு அப்புறம் இதைப் படி.

சித்தப்பாவின் விதைநெல்லுக்காக நீ செய்திருக்கும் பக்கத்தை என் போனில் பார்த்தேன். பிறகு மகாமகக் குளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இன்டர்நெட் சென்டரிலும் போய்ப் பார்த்தேன். அங்கேயே பிரிண்ட் எடுத்து, சிவப்பு மையால் திருத்தம் குறித்து இத்துடன் வைத்திருக்கிறேன். போனில் பேசியே சொல்லியிருக்கலாம்தான். பேனா இல்லாமல் புரூப், அதாவது அச்சுக்கு முன் பிழை திருத்தும் படி, பார்த்து எனக்குப் பழக்கமில்லை.

உன் அத்தையைப் போல நானும் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் இதையே தொழிலாக எடுத்துக்கொள்ளப் போவதாகச் சொல்கிறாய். ஆகவே உள்ளதைச் சொல்கிறேன். மேலே கருப்புக் கவுனிக் கதிரின் படம், அதன் கீழே கட்டம் கட்டமாக நெல் ரகங்கள், கடைசியில் சித்தப்பாவைத் தொடர்புகொள்ளும் விவரம்: அமைப்பு கச்சிதம். எழுத்துதான் சரியில்லை.

ஏன் என்று பார்ப்பதற்காக நீ அனுப்பிய பாட வீடியோக்களையும் போட்டுப் பார்த்தேன். வாத்தியார் கெட்டிக்காரர். ஒவ்வொன்றும் ஒரு பெட்டி, பெட்டிக்குள் விடும் இடம் பேடிங், சுற்றிலும் கோடு பார்டர், அதற்கு வெளியே விடும் இடம் மார்ஜின் என்று அவர் காட்டிய விதத்தில் எனக்கே விளங்கிவிட்டது. ஆனால் அவர் சொல்கிற எண்களெல்லாம் ஆங்கில எழுத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. நீ அதைக் கழற்றி அப்படியே தமிழுக்கு மாட்டிவிட்டாய்.

தலைப்பைப் பார். ‘திருத்துறைப்பூண்டி பாரம்பரிய விதைநெல்’ என்பது போனில் இரண்டு வரியாக மடிகிறது. மேல் வரியில் இருக்கிற பூவின் வால் கீழ் வரியில் போய் முட்டுகிறது. சிவப்பு வட்டம் போட்டிருக்கிறேன். தலைப்புக்கு லைன்-ஹைட், அதாவது வரியின் உயரம், 1.1 என்று வாத்தியார் போட்டார், நீயும் போட்டாய். அவர் தலைப்பு முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்து. அதில் கீழே தொங்குவதற்கு வாலும் இல்லை, மேலே நிற்பதற்குக் கொண்டையும் இல்லை. நம் எழுத்தில் இரண்டும் உண்டு. அச்சகத்தில் நாங்கள் ஈய எழுத்தைக் கோக்கும்போது வரிக்கு வரி ‘லெட்’ என்று மெல்லிய ஈயத் தகடு செருகுவோம். தகட்டை மிச்சம் பிடிக்கிற அச்சகத்தின் புத்தகத்தை ஒரு பக்கம் படிப்பதற்குள் கண் வலிக்கும்.

எத்தனை வைப்பது என்று மறுபடியும் யாரிடமும் போய் எண் கேட்காதே. நீ விற்கிற நெல்லிலேயே சோதனை இருக்கிறது. தூயமல்லியை மேல் வரியிலும் சீரகச் சம்பாவை அதற்கு நேர் கீழேயும் வை. தூவின் வாலுக்கும் சீயின் கொண்டைக்கும் நடுவே வெள்ளை தெரிய வேண்டும். எனக்குப் பார்த்தவரையில் தலைப்புக்கு 1.4, உள்ளே ஓடும் எழுத்துக்கு 1.7 வந்தால்தான் மூச்சு விடுகிறது. எழுத்துருவுக்கு எழுத்துரு இது மாறும். பிக்சல் என்றோ சதவீதம் என்றோ போடாமல் வெறும் எண்ணாகப் போடு. அப்போதுதான் எழுத்தைப் பெரிதாக்கினால் இடைவெளியும் கூடவே பெரிதாகும்.

அடுத்தது எழுத்துரு. என் போனில் ஒரு எழுத்தும், சென்டர் கணினியில் வேறு எழுத்துமாகத் தெரிந்தது. எனக்குக் குழப்பமாகிவிட்டது. சென்டர் பையன்தான் பக்கத்தின் மூலத்தைத் திறந்து காட்டினான். வாத்தியார் பயன்படுத்திய பாப்பின்ஸ் எழுத்துருவையே நீயும் எழுதியிருக்கிறாய். அதில் ஆங்கிலம் உண்டு, தேவநாகரி உண்டு, தமிழ் கிடையாது. உன் தமிழ் அத்தனையும் அதில் ஏறாமல், அந்தந்தக் கருவியில் என்ன தமிழ் எழுத்து இருக்கிறதோ அதில் போய் உட்கார்ந்துகொள்கிறது. விண்டோஸ் கணினியில் நிர்மலா, போனில் இன்னொன்று. நீ வடிவமைத்ததாக நினைக்கிற பக்கத்தை உன்னைத் தவிர வேறு யாரோ வடிவமைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாப்பின்ஸை வெளியிட்ட இந்தியன் டைப் ஃபவுண்டரியே ஹிந்த் மதுரை என்று தமிழுக்கும் ஒன்று செய்திருக்கிறது. கூகுள் ஃபான்ட்ஸில் முக்தா மலர் இருக்கிறது, நோட்டோ செரிஃப் தமிழ் இருக்கிறது. எல்லாம் இலவசம். ஒன்றை எடுத்துக்கொள். ஒன்று போதும், பாப்பா. கல்யாணப் பத்திரிகைக்கு ஐந்து விதமான எழுத்து கேட்கும் சம்பந்திகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு வெறுத்துவிட்டது.

தலைப்புகளை எல்லாம் பெரிய எழுத்தாக்கு என்று ஒரு கட்டளை கொடுத்திருக்கிறாயாம், பையன் சிரித்தான். தமிழில் ஏது பெரிய எழுத்து? அந்த வரி இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான், எடுத்துவிடு. சாய்வெழுத்தையும் விட்டுவிடு. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வுக்கென்று தனியாக வரைந்த வடிவம் இல்லை, உலாவி நேர் எழுத்தையே பிடித்துத் தள்ளிச் சாய்த்து வைக்கிறது. ழகரம் அதில் படுகிற பாட்டைப் பிரிண்டில் பார். ஆங்கிலத்தில் பெரிய எழுத்தும் சாய்வும் செய்கிற வேலையை நமக்கு அளவும் தடிமனும் சுற்றிலும் விடுகிற வெற்றிடமும்தான் செய்ய வேண்டும்.

எழுத்தின் அளவு 14 பிக்சல் வைத்திருக்கிறாய். உலாவிகள் தாமாகக் கொடுப்பதே 16. நமக்குப் பக்கத்திலேயே தரங்கம்பாடி இருக்கிறது. ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து அங்கே இருந்த பாதிரியார் சீகன்பால்குவுக்கு வந்த தமிழ் அச்செழுத்துகள் பெரிதாக இருந்தன. காகிதத்தை அவை தின்று தீர்த்ததால் அங்கேயே சிறிய எழுத்து வார்த்து, 1715-இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள். அவர்களுக்குக் காகிதத் தட்டுப்பாடு. உனக்கு என்ன தட்டுப்பாடு? 18-க்குச் சமமாக வை. அதையும் பிக்சலில் வைக்காமல், உலாவியின் அடிப்படை எழுத்தளவை வைத்து அளக்கும் ரெம் கணக்கில் வை. உலாவியில் எழுத்தளவைக் கூட்டி வைத்திருக்கும் என்னைப் போன்ற கிழவர்களுக்கு அதற்கேற்பப் பெரிதாகும்.

வரிகளை இரண்டு ஓரமும் நேராக நிறுத்தியிருக்கிறாய். போன் அகலத்துக்கு மூன்று சொல்தான் வருகிறது, நடுவில் மாட்டு வண்டி போகிற அளவுக்குச் சந்து. நாங்கள் வரி நிறைக்கும்போது சொல்லை எங்கே வேண்டுமானாலும் முறித்துக்கொள்வோம், அடுத்த வரி புள்ளியெழுத்தில் தொடங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். உலாவி இடைவெளி இருக்கும் இடத்தில்தான் முறிக்கும். ஆகவே இடது ஓரம் மட்டும் நேராக இருக்கட்டும். ‘மாப்பிள்ளைச்சம்பாவிற்கான’ என்பது கட்டத்தை மீறிக்கொண்டு வலப்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஓவர்ஃப்ளோ-ராப் என்று ஒன்று இருக்கிறதே, அதைப் போட்டால் மடிந்துவிடும். அதைவிட ‘மாப்பிள்ளைச் சம்பாவுக்கு’ என்று எழுதினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

சாம்பல் நிற எழுத்து வேண்டாம். வெப்சைட்டுகளுக்கு நெறி வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின்படி சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிர்மை வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும். சித்தப்பாவிடம் விதை வாங்குகிறவர்கள் வரப்பில் நின்றுகொண்டு உச்சி வெயிலில் போனைப் பார்ப்பவர்கள். அவர்களுக்கு அது வெள்ளைத்தாள்.

ஒவ்வொரு நெல்லின் பெயருக்கும் தனித்தனியாக நிறமும் அளவும் எழுதியிருக்கிறாய் என்றும் பையன் காட்டினான். இதுதான் எனக்கு ஆறவில்லை. எங்கள் காலத்தில் ஒரு புத்தகத்துக்கு எழுத்தளவை மாற்றச் சொன்னால் பக்கம் பக்கமாகக் கோத்துக் கட்டிய அத்தனை பாரத்தையும் கலைத்து, எழுத்தை அதனதன் அறையில் போட்டுவிட்டு, முதலிலிருந்து கோக்க வேண்டும். சொன்னவரை மனத்துக்குள் திட்டிக்கொண்டேதான் செய்வோம். விஷயம் ஓரிடத்தில், அலங்காரம் வேறிடத்தில் என்று பிரித்து வைக்கும் யோசனையை ஹோகன் வியூம் லீ என்ற நார்வேக்காரர் 1994-இல் முன்வைத்து, 1996 டிசம்பரில் நீ படிக்கும் சிஎஸ்எஸ் என்ற அந்த அலங்கார மொழியின் முதல் வடிவம் வந்தது என்று உன் வாத்தியாரே சொல்கிறார். ஏறக்குறைய அதே சமயத்தில்தான் எங்கள் அச்சகத்துக்குக் கணினி வந்தது. ஈய எழுத்துகள் எடைக்குப் போயின. ஒரே வரியை மாற்றினால் எல்லா நெல்லின் பெயரும் மாறும் வசதியைக் கையில் வைத்துக்கொண்டு நீ ஒவ்வொரு எழுத்தாகக் கோக்கும் கம்பாசிட்டர் வேலை பார்க்கிறாய். எல்லாவற்றுக்கும் ஒரே கிளாஸ், அதாவது பொதுவான ஒரு குறிப்பெயர், கொடுத்து ஓரிடத்தில் எழுது.

நெல்லின் வயது, விலைப் பட்டியல் போனில் பாதிதான் தெரிகிறது. அதை மட்டும் பக்கவாட்டில் நகரும்படி வை, பக்கம் முழுவதும் ஆட வேண்டாம். படங்களைச் சுருக்கிப் போடு. சித்தப்பா ஊரில் சிக்னல் எப்படி என்று உனக்குத் தெரியும்.

அடுத்த பாடம் அனிமேஷன் என்று பார்த்தேன். அதை இப்போது தொடாதே. இந்தப் பக்கத்தை முடித்துவிட்டுப் போ. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் ஆடியிலிருந்து சம்பாவுக்கு விதை கேட்டு ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். சித்தப்பா இப்போதே எல்லாரிடமும் ‘எங்கள் பாப்பா கம்ப்யூட்டரில் போட்டிருக்கிறாள்’ என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்.

மாப்பிள்ளைச் சம்பாவுக்கு வயது 160 நாள் என்று நீ போட்டிருப்பது சரி. பூங்காருக்குப் போட்டிருக்கும் விலை போன வருடத்தது. இந்த வருட விலையைச் சித்தப்பாவிடம் கேட்டு எழுதி அனுப்புகிறேன், அதுவரை அந்த இடத்தைக் காலியாக விட்டு இரண்டாம் புரூப்பை அனுப்பு.

அன்புடன்,
அப்பா