அந்த மீசை வேடிக்கை இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முன்னோடிகளின் பெயரில் நடக்கும், குதிரை மேல் இருந்து ஆடும் போலோ போட்டிகளைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஜெய்ப்பூரில் கோப்பைக்குப் பெயர் தந்த மகாராஜா சவாய் மான்சிங்கைப் பற்றி நிறைய எழுதியிருந்தீர்கள். 1933இல் அவர் அணி இங்கிலாந்து போய் அங்கிருந்த பெரிய கோப்பைகளையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தது, 1957இல் பிரான்சில் அவர் தலைமையில் இந்திய அணி ஜெயித்தது, 1970இல் இங்கிலாந்தில் போலோ ஆடும்போதே சரிந்து அவர் இறந்தது என்று எல்லாம் இருந்தது. நல்ல கட்டுரை.

என் வருத்தம் அதே பக்கத்து மூலையில் இருந்த பெட்டிச் செய்தியைப் பற்றியது. அமெரிக்காவின் சூ சாலி ஹேல் மீசை வரைந்துகொண்டு ஆம்பிளைகளோடு போலோ ஆடிய கதையை, பக்கத்தில் ஒரு சிரிப்புப் படம் போட்டு, நாலே வரியில் முடித்துவிட்டீர்கள்.

கூந்தலைத் தலைக்கவசத்துக்குள் திணித்து, தொளதொள சட்டை மாட்டி, கண்ணுக்குத் தீட்டும் மையால் மீசை வரைந்து, ‘ஏ. ஜோன்ஸ்’ என்ற பெயரில் அவர் களமிறங்கினார். ஒரு நாள் கூத்துக்காக இல்லை, ஏறக்குறைய 20 வருஷம் அப்படித்தான் ஆடினார். அமெரிக்க போலோ சங்கம் பெண்களைச் சேர்க்காததுதான் காரணம். கடைசியில், இனியும் சேர்க்காவிட்டால் இத்தனை வருஷக் கதையையும் பத்திரிகைகளிடம் சொல்லிவிடுவேன் என்றார். 1972இல் கதவு திறந்தது. அவர் மகள் சன்னி ஹேல் 2000ஆம் ஆண்டு யு.எஸ். ஓப்பன் போலோ கோப்பையை ஜெயித்த அணியில் ஆடினார், அதை ஜெயித்த முதல் பெண் அவர்தான். அம்மா மறைந்து இருந்து ஆடிய விளையாட்டில் மகள் சொந்தப் பெயரோடு ஜெயித்திருக்கிறார். இதற்கு ஒரு பெட்டி போதுமா?

எனக்கு ஏன் இவ்வளவு உறைக்கிறது என்றால், எங்கள் வீட்டிலேயே இப்படி ஒருவர் உண்டு. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ரேக்ளா என்றால் ஊரே கிளம்பிவிடும். எங்கள் காளைகளைப் பழக்கியது என் அத்தை. விடிவதற்கு முன்னால் எழுந்து கொள்ளு வேகவைப்பார், பருத்திக்கொட்டை ஆட்டுவார், வாய்க்கால் மேட்டு மண்பாதையில் வண்டி பூட்டி ஓட்டிப் பழக்குவார். கயிறு அறுத்த தழும்பு இன்றும் அவர் வலது உள்ளங்கையில் குறுக்கே கோடு போட்டதுபோல் இருக்கிறது. ஆனால் பந்தயத்தன்று வண்டியில் ஏறுவது அப்பாதான். மைக்கில் வருவதும் அப்பா பெயர்தான். அத்தை கூட்டத்துக்குப் பின்னால் வரப்பில் நின்று, காளைகள் எல்லைக் கொடியைத் தாண்டும் வரை மூச்சுவிடாமல் பார்ப்பார். அப்புறம் நேராகப் போய் அதுகளின் காலைத் தடவிப் பார்ப்பார். பரிசு வெள்ளி டம்ளரை ஒருநாளும் கையில் வாங்கியதில்லை.

அதனால்தான் கேட்கிறேன். சூ சாலியையும் சன்னியையும் பற்றி ஒரு முழுப்பக்கம் போடுங்கள். கூடவே நம்ம மணிப்பூரையும் சேருங்கள். அங்கே இந்த ஆட்டத்துக்கு சகோல் காங்ஜெய் என்று பெயர். வெள்ளைக்காரர்கள் போலோவைக் கற்றுக்கொண்டதே மணிப்பூரிகளிடம்தான். இன்று இம்பாலில் பெண்களுக்கென்றே போலோ போட்டி நடக்கிறது, மீசை வரையாமலே ஆடுகிறார்கள்.

அந்தப் பெட்டிச் செய்தியை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. “அந்தப் பிள்ளை அப்புறமாவது சொந்தப் பேர்ல ஆடுச்சா?” என்று மட்டும் கேட்டார். ஆடினார் என்றேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.