நல்லார்பார் சாலையிலிருந்து அப்பாவுக்கு

நார்ஸ்மன்,
மேற்கு ஆஸ்திரேலியா.

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நாங்கள் மூவரும் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

அன்று தொலைபேசியில் நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது. "ஆள் நடமாட்டமே இல்லாத ரோட்டில் வண்டி நின்றுபோனால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டீர்கள். பணிமனையிலேயே வாழ்க்கையைக் கழித்தவர் வேறு எதைக் கேட்பீர்கள்? அதனால் திமிங்கிலங்களைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். முதலில் வண்டி.

டீசல் வேனின் சேசிஸ் மீது கட்டிய சிறிய வீடு இது. படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. முழுச் சுமையோடு 4.5 டன்னுக்குள் இருந்தால் இந்த நாட்டில் சாதாரண கார் லைசென்ஸே போதும். ஆனால் அந்த வரம்பு நினைப்பதைவிடச் சீக்கிரம் நிரம்பிவிடுகிறது. நூறு லிட்டர் தண்ணீர் என்றாலே நூறு கிலோ. கேஸ் சிலிண்டர், நாற்காலிகள், சின்னவனின் சைக்கிள் என்று ஏற்றிக்கொண்டே போகிறோம். அடிலெய்டிலிருந்து கிளம்பும் முன் எடைமேடையில் முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியாக எடை போட்டுப் பார்த்தோம். மொத்த எடை சரியாக இருந்தாலும் பின்புறம் மட்டும் கனத்தால் முன்சக்கரங்களுக்குப் பிடிமானம் குறைந்துவிடும். அதனால் கனமான பெட்டிகளை இரண்டு அச்சுகளுக்கும் நடுவே மாற்றி வைத்தேன்.

டயர் விஷயத்தில் உங்கள் மாப்பிள்ளையோடு பெரிய வாக்குவாதமே நடந்தது. பட்டன் நன்றாக இருக்கிறதே, எதற்கு மாற்ற வேண்டும் என்றார். இப்படிப்பட்ட வண்டிகள் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்பவை. டயர் தேய்வதற்கு முன்பே ரப்பர் வயதாகிவிடும். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்குமல்லவா, அதில் முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் காட்டும். அதைப் படித்துக் காட்டினேன். பக்கச்சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகளையும் விரலால் தடவிப் பார்க்கச் சொன்னேன். ஸ்டெப்னியோடு சேர்த்து எல்லாவற்றையும் மாற்றினோம். புதிய சக்கரங்களின் நட்டுகளை நூறு கிலோமீட்டருக்குள் நிறுத்தி மறுபடி முறுக்கினேன். காற்றழுத்தத்தைக் காலையில், வண்டி நகர்வதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்கிறேன்.

வீட்டுப் பகுதிக்கென்று தனி பேட்டரியும் கூரையில் சூரியத் தகடும் இருக்கின்றன. எஞ்சின் பேட்டரியை அது தொடாது. ஓடும்போது கேஸ் வால்வு மூடியே இருக்கும். கூரை ஜன்னல்களைச் சுற்றியுள்ள சீலன்ட்டில் மட்டும் எனக்கு எப்போதும் ஒரு கண். அங்கே ஊசிமுனை அளவு வழி கிடைத்தாலும் தண்ணீர் உள்ளே இறங்கிச் சுவருக்குள் இருக்கும் மரச்சட்டத்தை அரித்துவிடும். வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

இனி நீங்கள் பயப்படும் அந்தச் சாலை. ஐர் நெடுஞ்சாலை என்று பெயர். போர்ட் அகஸ்டாவிலிருந்து நான் இப்போது இருக்கும் நார்ஸ்மன் வரை சுமார் 1,660 கிலோமீட்டர். முழுவதும் தார் போட்டு முடித்தது 1976இல்தான். நடுவில் இருப்பது நல்லார்பார் சமவெளி. ஒரே சுண்ணாம்புப் பாறை. மழை பெய்தால் நீர் அப்படியே கீழே போய்விடுகிறது, மேலே ஆறும் இல்லை, ஓடையும் இல்லை. 1841இல் ஐர் என்ற வெள்ளைக்காரரும் வைலி என்ற பழங்குடி இளைஞரும் இந்தக் கரையோரமாக மேற்கு நோக்கிப் போனார்கள். எங்கே மணலைத் தோண்டினால் தண்ணீர் கிடைக்கும் என்பதை இந்த மண்ணின் மக்கள் காட்டிக்கொடுத்ததால்தான் பிழைத்தார்கள். பல வரைபடங்களில் ஐரின் பெயர்தான் பெரிதாக இருக்கிறது. அது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. எங்கள் தொட்டி நிறையத் தண்ணீரோடு இங்கே வந்த பிறகுதான் அந்த நடையின் கடுமை புரிகிறது.

ஊர்கள் இல்லாவிட்டாலும் ரோட்ஹவுஸ்கள் உண்டு. டீசல், சாப்பாடு, தங்க இடம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். இரண்டுக்கும் நடுவே அதிகபட்சம் இருநூறு கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். ஆனால் எதிர்க்காற்று அடித்தால் உயரமான வண்டி டீசலைக் குடித்துத் தீர்த்துவிடும், அதனால் பாதித் தொட்டிக்குக் கீழே போகவிடுவதில்லை. பல டிரெய்லர்களை இழுத்துக்கொண்டு முப்பது மீட்டரைத் தாண்டும் ரோட் ட்ரெயின் லாரிகள் எதிரே வரும்போது ஸ்டீயரிங்கை இரு கைகளாலும் பிடிக்க வேண்டும். கடந்து போன பிறகு ஒரு காற்று வந்து இடிக்கும். அவர்கள் பேசும் 40ஆம் சேனலில் ரேடியோவைத் திறந்தே வைத்திருக்கிறோம். சில இடங்களில் நெடுஞ்சாலையிலேயே விமான ஓடுதளத்துக்கான கோடுகள் போட்டிருக்கிறார்கள். அவசர நோயாளிகளுக்காகப் பறக்கும் டாக்டர் சேவையின் விமானம் அங்கே இறங்கும். இருட்டிய பிறகு ஓட்டுவதே இல்லை, கங்காருகள் குறுக்கே பாயும்.

இப்போது கைகுனா ரோட்ஹவுஸில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கே நிறுத்தினாலும் நான்கு சக்கரங்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ச் சூடு பார்ப்பேன். இரவு வண்டி பணிமனைக்குள் வந்ததும் நீங்கள் செய்ததைப் பார்த்து வந்த பழக்கம். அன்று இடது முன்சக்கரம் வலதைவிட அதிகமாகச் சுட்டது. வண்டியும் இடப்பக்கம் லேசாக இழுத்துக்கொண்டே வந்தது. கெட்டித் தரையில் ஜாக்கி போட்டுத் தூக்கினோம். சக்கரத்தில் ஆட்டம் இல்லை, பேரிங் சத்தம் இல்லை, ஆனால் சுற்றும்போது கனத்தது. பிரேக்தான். பேட்களை டிஸ்க்கில் அழுத்தும் கேலிப்பர் நகர்வதற்கான வழிகாட்டி ஊசி (பின்) காய்ந்து இறுகி, பேட் டிஸ்க்கை விட்டு விலகாமல் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. பக்கத்து கேரவனில் ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர் இருந்தார். சூடு தாங்கும் கிரீஸைக் கொடுத்து, பக்கத்திலேயே மண்டியிட்டு உட்கார்ந்து டார்ச் பிடித்தார். கழற்றியதும் துடைத்ததும் பூட்டியதும் நான். நீங்கள் கற்றுத்தந்த வேலை என்று சொன்னேன். உங்களுக்குத் தன் வணக்கத்தைச் சொல்லச் சொன்னார்.

அங்கிருந்து பாலடோனியா நோக்கி 146.6 கிலோமீட்டர் ஒரு வளைவுகூட இல்லாத நேர்சாலை. சூடு பார்ப்பதற்காக அடிக்கடி நிறுத்தியதால் அதை அவசரமில்லாமல் பார்க்க வாய்த்தது. ஓரிடத்தில் ஆப்புவால் கழுகு ஒன்று அடிபட்ட கங்காருவின் மேல் உட்கார்ந்திருந்தது. எழுந்து பறந்தபோது சிறகு இரண்டு மீட்டருக்கும் மேல் விரிந்தது. சின்னவன் பேசவே இல்லை. இரண்டு சக்கரங்களும் ஒரே சூட்டில் பாலடோனியா வந்து சேர்ந்தன. 1979இல் ஸ்கைலாப் விண்வெளி நிலையம் உடைந்து விழுந்தது இந்த வட்டாரத்தில்தான். அதன் துண்டுகளை ரோட்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

திமிங்கிலங்களை அதற்கு முன்பே, ஹெட் ஆஃப் பைட் என்ற கடலோர இடத்தில் பார்த்துவிட்டோம். ஜூன் முதல் அக்டோபர் வரை அவை தெற்கேயுள்ள குளிர்ந்த கடலிலிருந்து குட்டி போட வருகின்றன. படகே வேண்டாம் அப்பா. பாறையின் மேல் நடைபாதையில் நின்றால் நேர் கீழே தாயும் குட்டியும் கிடக்கின்றன. தாய் அங்கே இருக்கும் காலத்தில் அநேகமாக எதுவும் சாப்பிடாமல், உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பிலிருந்தே பால் கொடுக்கிறது. வேட்டையாடி ஏறக்குறைய அழித்துவிட்ட இனம் இது. திரும்பி வந்திருக்கிறது. அங்கிருந்து மேற்கே புண்டா பாறைச்சுவர், அறுபது மீட்டருக்கும் மேல் உயரத்தில் நிலம் சட்டென்று முடிந்து கடல் தொடங்குகிறது. நான் விளிம்புக்குப் போகவில்லை, சின்னவன் கையை விடவும் இல்லை.

யூக்ளாவில் 1877இல் திறந்த தந்தி நிலையத்தை மணல் மூடிக்கொண்டிருக்கிறது. முயல்கள் பெருகிச் செடிகளைத் தின்றுவிட்டதால் மணல்மேடுகள் நகரத் தொடங்கியதாம்.

ஒரு விஷயத்தில் உங்கள் யோசனை வேண்டும். கேலிப்பரைக் கழற்றியபோது உள் பேட் வெளி பேடைவிட நன்றாகத் தேய்ந்திருந்தது. பெர்த் போனதும் முன்சக்கரங்கள் இரண்டுக்கும் பேட் மாற்றப்போகிறேன். பின்களும் ரப்பர் உறைகளும் மட்டும் புதிதாகப் போட்டால் போதுமா, அல்லது கேலிப்பரையே மாற்றிவிடட்டுமா? படம் அனுப்பியிருக்கிறேன், பெரிதாக்கிப் பாருங்கள்.

அடுத்த முறை அம்மாவும் நீங்களும் வர வேண்டும். உங்கள் பாஸ்போர்ட் முடியப்போகிறது என்று தம்பி சொன்னான். இந்த மாதமே புதுப்பிக்கக் கொடுத்துவிடுங்கள்.

அன்பு மகள்