சைலன்சர் புராணம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. சோம்பலால் பதில் தள்ளிப்போகவில்லை. ஒரு சைலன்சர் என் பொழுதையெல்லாம் தின்றுவிட்டது. சிரிக்காதே, முழுக்கதையும் கேள்.

கஜா புயல் அடித்த 2018 நவம்பரில் நம் வேதாரண்யம் பக்கத்துத் தோப்புகள் கிடந்த கிடப்பை நீ வந்து பார்த்தாய். அதற்குப் பிறகு நட்ட கன்றுகள் இப்போது காய்க்கின்றன. ஆனால் மணலில் காய் சுமக்க ஆள் கிடைப்பதில்லை, டிராக்டரை உள்ளே விட்டால் கன்றுகளின் வேரை நசுக்கிவிடுகிறது. அதனால்தான் கடற்கரை விடுதி ஒன்றில் கழித்துக்கட்டிய ஏ.டி.வி.யை, அதாவது மணலிலும் ஓடும் நாலு சக்கரத் திறந்த வண்டியை, போன வருடம் வாங்கினேன். 250 சிசி, ஒற்றை சிலிண்டர், கார்புரேட்டர் வைத்த பழைய வண்டி. பதிவெண் கிடையாது, ஆகவே தார்ச்சாலையில் ஏற்றுவதில்லை. பின்னால் சின்ன டிரெய்லரை மாட்டினால் ஒரு நடைக்கு நூறு காய் வருகிறது.

ஐப்பசி மழையில் அதன் சைலன்சர் அடிப்பக்கம் ஓட்டையானது. உப்பளக் காற்றின் மேல் பழி போட்டேன். கழற்றிப் பார்த்தால் துரு உள்ளேயிருந்து வந்திருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறதல்லவா? நான் வீட்டிலிருந்து தோப்புக்கு ஓட்டுவது ஐந்து நிமிடம். குழாய் நன்றாகச் சூடேறுவதற்குள் நிறுத்திவிடுகிறேன். ஆவி அங்கேயே குளிர்ந்து தேங்குகிறது. நீர் வடியும் சிறு துளையையும் சேறு அடைத்திருந்தது. உப்புக் காற்று வெளியே செய்த வேலையைவிட என் அவசரம் உள்ளே செய்த வேலை பெரிது.

பழைய மாடலுக்கு அசல் சைலன்சர் எங்கும் இல்லை. 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்று ஒரு கடைக்காரர் விற்றதை வாங்கி வந்தேன். எதற்கும் பொருந்தாததைத்தான் அப்படிச் சொல்வார்கள் போலிருக்கிறது. எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் புகையைக் கொண்டுவரும் பெண்ட் பைப் 38 மில்லிமீட்டர், சைலன்சரின் வாய் 51. லேத் பட்டறையில் இடையில் ஒரு வளையம் கடைந்து வாங்க வேண்டியிருந்தது.

பெண்ட் பைப்பைக் கழற்றியது தனிக்கதை. சிலிண்டர் ஹெட்டில் அதைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டையும் இரவெல்லாம் டீசலில் ஊறவைத்தேன். ஒன்று திரும்பியது. மற்றது ஸ்டட்டோடு, அதாவது ஹெட்டில் பதித்த மரை போட்ட கம்பியோடு, முறிந்தது. ஹெட் அலுமினியம், துளை போட்டால் மரை போய்விடும் என்ற பயத்தில் அன்று சாப்பாடே இறங்கவில்லை. வெல்டிங் பட்டறைத் தம்பி வந்து, முறிந்த முனையின் மேல் ஒரு புது நட்டை வைத்து உள்வழியாகப் பற்றவைத்தார். சூடு அடங்கியதும் ஸ்பேனரைப் போட்டால் வெண்ணெயாகக் கழன்று வந்தது. தொடங்குமுன் பேட்டரி வயரையும், பிளக்குக்குப் பொறி தரும் சி.டி.ஐ. பெட்டியையும் பிடுங்கச் சொன்னவரும் அவர்தான். எனக்கு அது தோன்றவே இல்லை.

மாட்டி ஸ்டார்ட் செய்தேன். ஐயோ! கொக்குக் கூட்டம் எழும்பியது, பக்கத்துக் கொல்லையில் பால் கறந்துகொண்டிருந்த அம்மாளிடம் வாங்கிய திட்டை இங்கே எழுத முடியாது. உள்ளே பார்த்தால் துளையிட்ட ஒரு நேர்குழாய், சுற்றிலும் ஒரு கைப்பிடி கண்ணாடிப் பஞ்சு, அவ்வளவுதான். என் மகனுக்கோ அதுதான் பிடித்திருந்தது, 'வேகம் கூடிவிட்டது அப்பா' என்றான். கூடியது சத்தம்தான். பாரத்தோடு மணல் மேட்டில் ஏறும்போது முன்பைவிட இழுவை குறைந்துதான் இருந்தது.

ஆக்ஸிலரேட்டரை விட்டதும் சைலன்சருக்குள் 'பட், பட்' என்று வெடித்தது. பிளக்கைக் கழற்றினால் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. பெட்ரோல் போதவில்லை, மெயின் ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளைத் திருகு) பெரிதாக்கு என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். உன் பழைய பாடம் ஞாபகம் வந்தது: முதலில் ஒழுக்கைப் பார். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்து இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினேன். வளையத்தின் அருகே நுரை பொங்கியது. அங்கே காற்று உள்ளே போய்த்தான் வெடித்திருக்கிறது. அதை அடைத்து, பெண்ட் பைப் ஹெட்டில் சேருமிடத்தில் புது கேஸ்கெட்டும் போட்டபின் வெடிப்பு நின்றது. பிளக் மட்டும் இன்னும் கொஞ்சம் வெளுப்பாகவே இருக்கிறது. ஆகவே ஜெட்டும் ஒரு அளவு கூட்டத்தான் வேண்டும். ஆனால் முதல் நாளே அதை மாற்றியிருந்தால் ஒழுக்கு இருந்ததே தெரியாமல் போயிருக்கும்.

பின்மூடியைத் திறந்து பஞ்சைப் புதிதாக இறுகச் சுற்றி, வாயில் ஒரு தடுப்புக் குழாயும், தீப்பொறி பறக்காமல் இருக்கத் துரு ஏறாத கம்பி வலையும் வைத்தேன். தோப்பு முழுக்கக் காய்ந்த மட்டை, வீட்டுக் கொல்லையில் வைக்கோல்போர். வலை இல்லாத சைலன்சரை இந்த ஊரில் விற்பவர்களை என்ன செய்வது? வலையில் கரி அடைத்தால் இழுவை குறையும், மாதம் ஒருமுறை தட்டிச் சுத்தம் செய்தால் போதும். முதலில் ரப்பர் புஷ் இல்லாமல் சேசிஸில் இறுக்கி மாட்டியிருந்தேன், பத்தே நாளில் பிடிமானம் அதிர்வில் விரிசல் விட்டுவிட்டது. அதுவும் என் புத்திதான்.

இப்போது வண்டி முனகிக்கொண்டு போகிறது. இதில் அம்மாவுக்கு ஒரு குறை. மணல் மேட்டில் வண்டிச் சத்தம் கேட்டதும் அடுப்பில் பாலை வைப்பார்கள், நான் செருப்பைக் கழற்றும்போது காபி தயாராக இருக்கும். இப்போது நான் வந்து வாசலில் நின்றபின்தான் பால் பாத்திரத்தையே தேடுகிறார்கள். ஹார்ன் அடிக்கச் சொல்கிறார்கள்.

மற்றபடி, அப்பாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது பேப்பரை விளம்பரம் விடாமல் படித்து எனக்கும் வாசித்துக் காட்டுகிறார். தண்ணீர் இந்த முறை கடைமடை வரை வந்தது, ஆனால் பிந்தித்தான் வந்தது. மார்கழி மழை இன்னும் நாலு நாள் பொறுத்துக்கொண்டால் சம்பா தப்பிக்கும். உன் பெண்ணுக்குக் கோவையிலேயே வேலை கிடைத்ததா? தங்கச்சியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

பொங்கலுக்கு வரும்போது 118 நம்பர் மெயின் ஜெட் ஒன்று வாங்கி வா. இப்போது இருப்பது 115. இங்கே கேட்டால் எல்லாரும் பைக் ஜெட்டை நீட்டுகிறார்கள். 120ம் கிடைத்தால் சேர்த்து எடுத்துக்கொள், வைத்துப் பார்த்துவிடலாம். மாதிரிக்குப் பழைய ஜெட்டின் படத்தை உன் போனுக்கு அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்