அக்கா கல்யாண டிவிடியும் 'ஹெச்டி'யும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்க அக்கா கல்யாணம் 2006ல தீர்த்தமலை கோயில்ல நடந்துச்சு, அப்ப ஸ்டுடியோக்காரங்க ரெண்டு டிவிடி போட்டுக் குடுத்தாங்க. போன மாசம் தருமபுரியில ஒரு கடையில அத ஃபுல் ஹெச்டி ஆக்கித் தர்றோம்னு சொன்னாங்க, நம்பி 3,000 ரூபா குடுத்து வாங்கிட்டு வந்து பென்டிரைவ டிவில சொருகிப் பாத்தா எங்க ஆயா நெத்தியில குத்தியிருந்த பச்சையவே காணோம். முகத்துல ஒரு சுருக்கம் இல்ல, மெழுகு பூசுன மாதிரி இருக்கு. அக்கா பாத்துட்டு அழுதுடுச்சு. ஆயா இப்ப இல்லைங்க, அவங்க நடந்து பேசுற வீடியோ எங்ககிட்ட இது ஒண்ணுதான்.

நம்ம நாட்டு டிவிடில படம் 720க்கு 576 புள்ளி, பெருக்குனா 4,14,720. ஃபுல் ஹெச்டி 1920க்கு 1080, அதாவது 20,73,600, சரியா அஞ்சு மடங்கு. கம்மிப் புள்ளி இருக்கற படத்த இப்படிக் கூடுதல் புள்ளிக்குப் பெருசாக்குறதுக்குப் பேரு அப்ஸ்கேல். அப்படிப் பண்றப்ப மீதி நாலு பங்கையும் பக்கத்துப் புள்ளியப் பாத்து மிஷினே கணக்குப் போட்டு நிரப்புது, அதெல்லாம் கேமரா பாத்தது கெடையாது. இப்ப வர்ற ஏஐ சாஃப்ட்வேர் அதுக்கும் மேல, தான் பழகுன வேற யார் யாரோ முகத்த வச்சு முகம்னா இப்படித்தான் இருக்கும்னு வரைஞ்சே விட்டுடுது.

அப்ஸ்கேலே வேணாம்னு நான் சொல்லல. ஃபுல் ஹெச்டி டிவில டிவிடி போட்டாலே அது அப்ஸ்கேல் ஆகித்தான் தெரியும், இல்லன்னா திரை எப்படி நெறையும். எங்க வீட்டு 32 இன்ச்ல பத்தடி தள்ளி உக்காந்து ஒரே படத்த நல்ல டிவிடிலயும், ஃபுல் ஹெச்டியாவே வர்ற ப்ளூரே டிஸ்க்லயும் மாத்தி மாத்திப் பாத்தேன், பெருசா வித்தியாசம் தெரியல, அவ்வளவு தூரத்துல கண்ணாலயே அதுக்கு மேல பிரிச்சுப் பாக்க முடியாது. மச்சான் வீட்டு 55 இன்ச்ல பாத்தப்பதான் கூட்டத்துல நிக்கிறவங்க முகம், மரத்து இலை, சேலை நெசவு எல்லாம் ப்ளூரேல தனியாத் தெரிஞ்சுச்சு, டிவிடில அது குழைஞ்சு கெடக்கு. பிளேயர்ல ஹெச்டிஎம்ஐ, அதாவது படமும் சத்தமும் ஒரே வயர்ல டிஜிட்டலாப் போற சொருகி, இருந்தும் இன்னும் மஞ்ச சிவப்பு வெள்ளை வயர்லயே பாக்குறவங்க மொதல்ல அத மாத்துங்க, அந்த மஞ்ச வயர் ஒண்ணுலயே கலரும் வெளிச்சமும் கலந்து வர்றதாலதான் சிவப்புச் சேலை ஓரமெல்லாம் வழியுது.

அப்ப நெறைய கல்யாணம் மினிடிவி (MiniDV)ங்கற சின்ன டிஜிட்டல் கேசட் டேப்புலதான் எடுத்தாங்க. அதுவும் 720க்கு 576தான், ஆனா ஒரு செகண்டு படத்துக்கு அதுல பதியற தகவல் 25 மெகாபிட், டிவிடில அதிகபட்சமே 9.8தான். அதனால டேப் கெடச்சா அதுலருந்து எடுக்கறதுதான் எல்லாத்துக்கும் மேல. நான் ஸ்டுடியோவுல போய்க் கேட்டேன், அந்த டேப்பு மேலயே வேற கல்யாணம் எடுத்துட்டோம்னுட்டாங்க. இப்ப டிவிடிலருந்தே எதையும் மாத்தாம ஃபைல எடுத்து ரெண்டு ஹார்டுடிஸ்க்ல வச்சிருக்கேன், மங்கலாத்தான் இருக்கு, ஆனா ஆயா ஆயாவா இருக்காங்க.

இந்த வேலை செய்யற கடைக்காரங்க பில்லுல ஹெச்டின்னு போடாம அப்ஸ்கேல்னு போடணும், காசு வாங்கறதுக்கு முன்னாடி வீட்டுப் பெரியவங்க முகம் வர்ற இடமா ஒரு நிமிஷம் ஓட்டிக் காட்டணும், மாத்தாத ஃபைலையும் சேத்துக் குடுக்கணும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
பென்னாகரம் ரோடு, தருமபுரி