2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

2025 ஜனவரி முதல் டிசம்பர் வரை நம் சங்கம் செய்தவற்றை இந்தப் பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன்.

பொங்கல் விழா வழக்கம்போல் புளோக்கின் கீழ்த்தளத்தில் நடந்தது. ஏப்ரலில் தமிழ்மொழி விழாவையொட்டிப் பிள்ளைகளுக்குப் பேச்சுப்போட்டி வைத்தோம்; 14 பேர் பேசினார்கள். சிங்கப்பூரின் 60வது தேசிய தினத்தன்று காலை உணவு, அக்டோபரில் தீபாவளி ஒன்றுகூடல். செயற்குழுக் கூட்டத்துக்கு ஆறு முறை அழைப்பு அனுப்பினேன். இரண்டு முறை போதிய ஆள் இல்லாமல் கலைந்துபோனோம்.

அடுத்து, அறிக்கை வாசிப்பு வட்டம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சென்ற பொதுக்கூட்டத்தில் நான் இதை முன்மொழிந்தபோதே, "அரசாங்க விசாரணை அறிக்கையை உட்கார்ந்து படிப்பது நம் சங்கத்தின் வேலையா?" என்று கேட்டவர்கள் உண்டு. பிறகும் அந்தக் கேள்வி என் காதுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. அதற்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

நாம் தினமும் கடைப்பிடிக்கும் பல விதிகளின் வேர், என்றோ நடந்த ஒரு விபத்தையோ கலவரத்தையோ விசாரித்த குழுவின் அறிக்கையில் இருக்கிறது. இரவு 10.30க்கு மேல் கடையில் பீர் வாங்க முடியாது, பொது இடத்தில் உட்கார்ந்து குடிக்கவும் முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். அது 2015 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த சட்டம். அதற்குப் பின்னால் 2013 டிசம்பர் 8 இரவு லிட்டில் இந்தியாவில் நடந்த கலவரமும், அதைப் பற்றிய விசாரணைக் குழுவின் அறிக்கையும் இருக்கின்றன என்பதும் பலருக்கு மேலோட்டமாகத் தெரியும். அந்த அறிக்கையைப் படித்திருக்கிறீர்களா என்று கேட்டால் மௌனம்தான்.

ஜூலை மாத ஞாயிறு ஒன்றில் நாங்கள் ஓவன் ரோடு முனையில் கூடி, சிராங்கூன் சாலை வழியாக ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்கு நடந்தோம். இரண்டு பெரிய விசாரணைகளுக்குக் காரணமான இடங்கள் அவ்வளவு பக்கத்தில், நாம் மல்லிகைப்பூவும் மாவும் வாங்கப் போகும் வழியிலேயே இருக்கின்றன. 1986 மார்ச் 15ஆம் தேதி ஓவன் ரோடு முனையில் ஆறு மாடிக் கட்டடம் ஒன்று ஒரு நிமிடத்துக்குள் இடிந்து விழுந்தது. ஹோட்டல் நியூ வோர்ல்ட் அதில்தான் இருந்தது. 33 பேர் இறந்தார்கள், 17 பேரை மீட்டார்கள். எரிவாயு வெடித்ததா, எம்ஆர்டி ரயிலுக்குச் சுரங்கம் தோண்டியதால் நிலம் ஆட்டம் கண்டதா என்றெல்லாம் விசாரணையில் பார்த்தார்கள். கடைசியில் தவறு வரைபடக் கணக்கில் இருந்தது. கட்டடத்தின் சொந்த எடையையே கணக்கில் சேர்க்காமல் தூண்களை அமைத்திருந்தார்கள். 1971இல் கட்டிய அந்தக் கட்டடம் 15 ஆண்டு எப்படி நின்றது என்பதுதான் ஆச்சரியம். இதன் பிறகு வந்த 1989ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு பொறியாளர் போட்ட கணக்கை அவரோடு சம்பந்தமில்லாத இன்னொரு பொறியாளர் சரிபார்க்க வேண்டும் என்றது. கட்டி முடித்த கட்டடங்களையும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும் என்றது. நம் உறுப்பினர் ஒருவர், தன் கொண்டோவில் (தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பில்) பத்தாண்டுக்கு ஒரு முறை பொறியாளர் வந்து சுவரைத் தட்டிப் பார்ப்பது எதனால் என்று அன்றைக்குத்தான் புரிந்தது என்றார்.

ரேஸ் கோர்ஸ் ரோடும் ஹேம்ப்ஷியர் ரோடும் சேரும் இடத்துக்கு வந்ததும் யாரும் சிறிது நேரம் பேசவில்லை. 2013 டிசம்பர் 8 இரவு 9.23 மணிக்கு, இதே இடத்தில் சக்திவேல் குமாரவேலு என்ற 33 வயதுக் கட்டுமான ஊழியர் தனியார் பேருந்து ஒன்றின் அடியில் சிக்கி உயிரிழந்தார். கலவரம் அங்கிருந்து வெடித்தது. அப்போது பக்கத்துத் தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த அண்ணன் ஒருவர் எங்களோடு வந்திருந்தார். ஷட்டரைப் பாதி இறக்கி, எட்டு ஒன்பது பேரை உள்ளே உட்கார வைத்து, அரிசி மூட்டைகளுக்கு நடுவில் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்ததைச் சொன்னார். "எல்லாரும் ஊருக்கு போன் போட்டுட்டே இருந்தாங்க. ஒருத்தன் மட்டும் பேசாம அழுதுட்டே இருந்தான்" என்றார். இத்தனை வருடம் சங்கத்தில் இருந்தும் இதை அவர் எங்களிடம் சொன்னதே இல்லை.

முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான நால்வர் குழு 24 நாள் விசாரித்து 93 சாட்சிகளைக் கேட்டது. அறிக்கை 2014 ஜூன் கடைசியில் வெளிவந்தது. விபத்தைப் பற்றியும் மீட்புப் பணியைப் பற்றியும் கூட்டத்தில் பரவிய தவறான எண்ணம், மது இரண்டும் முக்கியக் காரணங்கள் என்றது குழு. ஊழியர்களின் வேலை, தங்கும் இட நிலைமை மீதான அதிருப்தி கலவரத்துக்குக் காரணமல்ல என்றும் சொன்னது. இந்த முடிவை எங்கள் வட்டத்தில் எல்லாரும் ஏற்கவில்லை. ஒன்றரை மணி நேரம் வாக்குவாதம் நடந்தது, தேநீர் ஆறிப்போனது. என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். எந்தக் குழுவாக இருந்தாலும் தன்னிடம் கேட்கப்பட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். அன்று என்ன நடந்தது, எப்படிச் சமாளித்தார்கள், இனி கூட்டம் சேரும் இடங்களில் என்ன செய்யலாம் என்பவைதான் அதன் முன் இருந்த கேள்விகள். ஆகவே முடிவுரைக்குத் தாவாமல், குழுவிடம் என்ன கேட்டார்கள் என்ற முதல் பக்கத்தை நிதானமாகப் படிக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. குழு பரிந்துரைக்கத்தான் முடியும். எதை ஏற்பது என்று அரசாங்கம் முடிவு செய்து, மசோதா தயாராகி, நாடாளுமன்றம் போக வேண்டும். மதுக் கட்டுப்பாட்டைப் பற்றிக் கலவரத்துக்கு முன்பே உள்துறை அமைச்சு பொதுமக்களிடம் கருத்துக் கேட்கத் தொடங்கியிருந்தது. அறிக்கை அதற்கு வேகம் கொடுத்தது. அறிக்கைக்கும் சட்டத்துக்கும் நடுவே உள்ள அந்தச் சில மாதங்களில்தான் நம்மைப் போன்றவர்களின் கருத்தைக் கேட்கிறார்கள். சிராங்கூன் சாலையைத் தம் வீட்டு முற்றம்போல் நினைக்கும் நம் சங்கம், அந்தச் சமயத்தில் ஒரு வரிகூட எழுதி அனுப்பவில்லை. பழைய கோப்புகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். எனக்கு அது இன்றும் உறுத்துகிறது. இந்த வட்டத்தைத் தொடங்கியதே அதனால்தான்.

நிக்கல் நெடுஞ்சாலையில் ரயில் சுரங்கப் பணியிடம் சரிந்தது, 2011 டிசம்பர் எம்ஆர்டி ரயில்சேவைத் தடைகள் ஆகியவற்றைப் பற்றிய அறிக்கைகளையும் படித்தோம். விவரம் வேண்டுவோர் கேட்டால் தருகிறேன்.

வந்தவர்களின் எண்ணிக்கையைச் சொல்லாமல் விட முடியாது. நம் உறுப்பினர்கள் 64 பேர். வாசிப்புக்கு வந்தவர்கள் முதல் மாதம் 11, பிறகு 7, பிறகு 5. நவம்பரில் நானும் மளிகைக்கடை அண்ணனும் மட்டும். வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டிய 20 பேருக்குப் போண்டா வாங்கி வைத்திருந்தேன். வர முடியாவிட்டால் முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லுங்கள், அது போதும்.

சந்தா விஷயமும் இப்படித்தான். ஆண்டுக்கு 24 வெள்ளி, மாதத்துக்கு இரண்டே வெள்ளி. டிசம்பர் 31 வரை கட்டியவர்கள் 27 பேர். சிலர் மூன்று ஆண்டாகக் கட்டவில்லை. அவர்களில் செயற்குழுவினரும் இருக்கிறார்கள். பெயர் சொல்வது என் நோக்கமில்லை. கைப்பேசியில் பணம் அனுப்புவதற்கான பேநவ் எண் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார். தீபாவளிச் செலவு எதிர்பார்த்ததைவிடக் கூடியது, ஒரு நன்கொடை அதைச் சரிக்கட்டியது, கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. வட்டத்தில் படித்த அறிக்கைகளின் தமிழ்ச் சுருக்கங்களை அச்சிட்ட செலவைப் பற்றிப் பேச்சு எழுந்ததால் சொல்கிறேன்: 12 பக்கக் கையேடு, 60 பிரதிகள். தட்டச்சு, திருத்தம் எல்லாம் நான் வீட்டில் இரவு உட்கார்ந்து செய்தது. சங்கத்துக்கு அச்சுக்கூலி மட்டும்தான்.

இடம் தந்த சமூக மன்றத்துக்கும், தலைவர், பொருளாளர், பேச்சுப்போட்டி நடுவர்கள், சமையலுக்கு உதவிய அக்காமார் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் செயலாளர் பொறுப்புக்கு வேறு யாராவது முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். யாரும் வராவிட்டால் நான் தொடர்வதில் தடையில்லை. ஆனால் அமைச்சுகள் கருத்துக் கேட்கும்போது சங்கத்தின் சார்பில் எழுதி அனுப்ப மூன்று பேர் கொண்ட சிறு குழு ஒன்று எனக்கு வேண்டும். ஒருவருக்கு ஆங்கிலத்தில் நன்றாக எழுத வர வேண்டும், ஒருவர் கட்டுமானத் துறையைச் சேர்ந்தவராக இருந்தால் நல்லது. இன்றைக்கே பெயர் கொடுக்கலாம்.

கையேட்டில் 38 பிரதிகள் மீதம் இருக்கின்றன. வாசலுக்குப் பக்கத்து மேசையில் வைத்திருக்கிறேன், போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்